தொழிற்கல்லூரியில் புகைப்படக் கலை: மாணவர்களும் பெற்றோரும் அறிய வேண்டியவை



பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்ததும் நம் வீடுகளில் எழும் கேள்வி, "அடுத்து என்ன படிக்கலாம்?" என்பதுதான். பொறியியல், மருத்துவம், வணிகவியல் என்று பெற்றோர் யோசித்துக் கொண்டிருக்க, "நான் ஃபோட்டோகிராபி படிக்கிறேன்" என்று பிள்ளை சொன்னால் பல வீடுகளில் அமைதியாகி விடுவார்கள். "போட்டோ எடுக்க ஒரு படிப்பா? செல்போன் இருந்தால் போதாதா?" என்பார் ஒருவர். "மார்க்கத்தில் அதற்கு அனுமதி உண்டா?" என்பார் இன்னொருவர். "அதில் சம்பாத்தியம் இருக்குமா?" என்பார் மூன்றாமவர்.

மூன்றுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்குப் பதில் தேடாமலேயே பிள்ளையின் ஆசையை மூடி வைப்பதும், எதையும் விசாரிக்காமல் விளம்பரத்தைப் பார்த்து ஏதோ ஒரு தனியார் பயிற்சி மையத்தில் பெருந்தொகையைக் கட்டிவிடுவதும் ஒரே அளவு தவறு. இந்தத் துறையை எங்கே, எப்படிப் படிக்கலாம், படித்தால் என்ன கிடைக்கும், எதில் எச்சரிக்கை தேவை என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நமக்கு அந்நியமான துறை அல்ல

கேமராவின் அடிப்படைத் தத்துவத்தைச் சோதனை செய்து எழுதி வைத்தவர்களில் முதன்மையானவர் இப்னுல் ஹைதம் (ரஹ்). கி.பி. 965-ஆம் ஆண்டு வாக்கில் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்தவர். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்வை கிடைக்கிறது என்று அதுவரை பலர் நம்பி வந்தனர். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று அவர் நிறுவினார். இருட்டறையில் சிறு துளை வழியாக ஒளி நுழையும்போது என்ன நடக்கிறது என்பதையும் ஆராய்ந்தார். அவருடைய 'கிதாபுல் மனாழிர்' இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பாடநூலாக இருந்தது. 2015-ஆம் ஆண்டை ஐ.நா. சர்வதேச ஒளி ஆண்டாக அறிவித்தபோது, யுனெஸ்கோ அவருடைய பணியைச் சிறப்பாக நினைவுகூர்ந்தது.

புனித நகரங்களின் மிகப் பழைய புகைப்படங்களை எடுத்தவரும் ஒரு முஸ்லிம்தான். எகிப்து ராணுவத்தில் பொறியாளராக இருந்த முஹம்மது ஸாதிக் பே, 1861-இல் மதீனாவையும் 1880-இல் மக்காவையும் படம் பிடித்தார். அதே 1880-களில் மக்காவிலேயே வாழ்ந்த மருத்துவர் அப்துல் கஃப்பார் என்பவரும் கேமராவைக் கற்றுக்கொண்டு, தம் ஊரையும் ஹாஜிகளையும் பதிவு செய்தார். அன்றைய ஹரம் ஷரீஃப் எப்படி இருந்தது என்பதை நாம் இன்று கண்ணால் பார்க்க முடிவது இவர்களால்தான்.

மார்க்கத் தீர்ப்பு: உலமாக்கள் என்ன சொல்கிறார்கள்?

உருவம் வரைவோரைக் கடுமையாக எச்சரிக்கும் நபிமொழிகள் புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் உள்ளன. அவற்றை யாரும் மறுக்கவில்லை. கேமராவில் பதிவாகும் படமும் அந்த எச்சரிக்கைக்குள் வருமா என்பதில்தான் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு.

முதல் கருத்து: உயிருள்ளவற்றின் படம் எந்தக் கருவியால் எடுக்கப்பட்டாலும் அது உருவப்படமே; கடவுச்சீட்டு, அடையாள அட்டை போன்ற அவசியத் தேவைகளுக்கு மட்டுமே அனுமதி. ஷைக் இப்னு பாஸ் (ரஹ்) உள்ளிட்ட பலரின் நிலைப்பாடு இது. இந்தியத் துணைக்கண்டத்து உலமாக்கள் பலரும் இதையே கூறினர்.

இரண்டாவது கருத்து: வரைபவர் தம் கையால் ஓர் உருவத்தை உண்டாக்குகிறார், கேமராவோ அல்லாஹ் படைத்த உருவத்தின் நிழலைத் தடுத்து நிறுத்துகிறது, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் போல. எனவே அது தடை செய்யப்பட்ட உருவாக்கம் அல்ல. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைக் முஹம்மது பகீத் அல்முத்திஈ (ரஹ்) இதற்கென்றே தனி நூல் எழுதினார். ஷைக் யூசுஃப் அல்கர்ளாவி (ரஹ்) இதை ஏற்றுக்கொண்டார்.

மூன்றாவது கருத்து டிஜிட்டல் கேமரா வந்த பிறகு பேசப்படுவது. திரையில் தோன்றி மறையும் டிஜிட்டல் பிம்பத்தையும், காகிதத்தில் அச்சிடப்பட்டு நிலைத்து நிற்கும் படத்தையும் வேறுபடுத்திப் பார்க்கும் கருத்து இது. முஃப்தி தகீ உஸ்மானி போன்றோர் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியுள்ளனர்.

எல்லாத் தரப்பினரும் ஒன்றுபடும் இடங்களும் உண்டு. மரம், மலை, கட்டடம், பொருள்கள் என உயிரற்றவற்றின் படங்களில் பிரச்சினை இல்லை. உருவம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு வழிகாட்டியது புகாரியில் பதிவாகியுள்ளது. அதேபோல ஆபாசம், பிறர் மானத்தைக் குலைப்பது, வழிபாட்டுக்குரியதாக ஆக்குவது போன்றவற்றுக்கான படங்கள் எவரிடத்திலும் கூடாதவையே.

எந்தக் கருத்தைப் பின்பற்றுவது என்பதை மாணவர் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளட்டும். முதல் கருத்தைப் பின்பற்றுபவருக்கும் இத்துறையின் கதவு முழுமையாக அடைக்கப்படவில்லை. தயாரிப்புப் பொருள்கள், உணவு, கட்டடக் கலை, தொழிற்சாலை, ஆவணங்கள், கையெழுத்துப் பிரதிகள் ஆகியவற்றைப் படம் எடுப்பது தனித்தனிப் பிரிவுகளாக வளர்ந்திருக்கிறது.

தொழிற்கல்லூரியும் கேமராவும்: தென்னிந்தியப் பாரம்பரியம்

ஒளிப்பதிவைக் கல்லூரியில் பாடமாக வைப்பது புதிதாக வந்த நாகரிகம் அல்ல. பெங்களூரில் உள்ள ஸ்ரீ ஜெயசாமராஜேந்திர பாலிடெக்னிக்கில் 1940-களிலேயே ஒளிப்பதிவு டிப்ளமோ படிப்பு இருந்தது. குரு தத் இயக்கிய 'காகஸ் கே பூல்' (1959) படத்தின் ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி அங்கே படித்தவர். 2008-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு வழங்கப்பட்டது. அந்த விருதைப் பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவர்தான். பின்னாளில் இயக்குநராகவும் புகழ்பெற்ற கோவிந்த் நிஹலானியும் அதே பாலிடெக்னிக் மாணவரே.

சென்னையிலும் 1940-களில் சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்பிக்கப்பட்டன. அதிலிருந்து வளர்ந்ததுதான் தரமணியில் இயங்கும் இன்றைய எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். பி.சி. ஸ்ரீராம், ராஜீவ் மேனன் போன்றோர் அங்கிருந்து வந்தவர்கள்.

மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் போலவே கேமராவையும் ஒரு தொழில்நுட்பமாகப் பார்த்துதான் அன்று பாலிடெக்னிக்கில் சேர்த்தார்கள். பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

எங்கே, என்ன படிக்கலாம்?

1. ஐ.டி.ஐ. – டிஜிட்டல் போட்டோகிராபர்

தேசிய தொழிற்பயிற்சித் திட்டத்தில் 'டிஜிட்டல் போட்டோகிராபர்' என்ற ஓராண்டுப் பிரிவு உள்ளது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இறுதியில் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதித் தேறினால் தேசிய தொழிற்சான்றிதழ் கிடைக்கும். இது நாடு முழுவதும் அங்கீகரிக்கப்பட்டது. அரசு வேலைக்கும் தொழிற்பழகுநர் பயிற்சிக்கும் இதைக் காட்டலாம். இந்தப் பிரிவு எல்லா ஐ.டி.ஐ.களிலும் இல்லை. எனவே சேர்க்கை நேரத்தில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை வெளியிடும் பட்டியலில் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும்.

தமிழக அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்கள் 'புதுமைப் பெண்', 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறலாம். இத்திட்டங்கள் பட்டப் படிப்புக்கு மட்டுமல்ல, ஐ.டி.ஐ., டிப்ளமோ படிப்புகளுக்கும் பொருந்தும். நம் பிள்ளைகளில் பலர் உதவி பெறும் பள்ளிகளில் படிப்பதால் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

2. தரமணி அரசு நிறுவனம்

இங்கே நான்காண்டு பி.வி.ஏ. பட்டப் படிப்பாக ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம், அனிமேஷன் முதலிய பிரிவுகள் உள்ளன. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் பட்டம் வழங்கப்படுகிறது. இடங்கள் மிகக் குறைவு, போட்டி அதிகம். எந்தப் பிரிவுக்குப் பிளஸ் டூவில் எந்தப் பாடம் படித்திருக்க வேண்டும் என்பதை விண்ணப்பக் கையேட்டில் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். திரைத்துறைக்குச் செல்லும் எண்ணம் இல்லாதவருக்கும் ஒளியமைப்பையும் கேமராவையும் ஆழமாகக் கற்க அரசுக் கட்டணத்தில் உள்ள வாய்ப்பு இது.

3. ஜாமியா மில்லியா இஸ்லாமியா, டெல்லி

1920-இல் அலிகரில் தொடங்கி டெல்லிக்கு மாறிய இந்தப் பல்கலைக்கழகத்தில், 1982-இல் அன்வர் ஜமால் கித்வாய் உருவாக்கிய மக்கள் தொடர்பு ஆய்வு மையம் இருக்கிறது. அதில் ஸ்டில் போட்டோகிராபிக்கென்றே முதுநிலை டிப்ளமோ நடத்தப்படுகிறது. பட்டப் படிப்பு முடித்தவர்கள் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். தமிழகத்திலிருந்து விண்ணப்பிப்போர் இன்னும் பெருக வேண்டும்.

4. மற்றவை

ஹைதராபாத் ஜவஹர்லால் நேரு கட்டடக்கலை மற்றும் நுண்கலைப் பல்கலைக்கழகத்தில் புகைப்படத்துக்கு பி.எஃப்.ஏ. பட்டம் உண்டு. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் காந்திநகர் வளாகத்தில் போட்டோகிராபி டிசைன் முதுநிலைப் படிப்பு உள்ளது. ஊட்டி லவ்டேலில் 2001 முதல் நடந்துவரும் லைட் அண்டு லைஃப் அகாடமி தனியார் நிறுவனம். அதைத் தொடங்கியவர்கள் விளம்பரப் புகைப்படக் கலைஞர் இக்பால் முகமதுவும் அவருடைய மனைவி அனுராதா இக்பாலும். இவை தவிர, கலை அறிவியல் கல்லூரிகளின் விஷுவல் கம்யூனிகேஷன் பட்டப் படிப்பிலும் புகைப்படம் ஒரு பாடமாக வரும். ஆனால் அது முழுநேரப் புகைப்படப் படிப்பு அல்ல.

கல்லூரியில் என்னதான் சொல்லித் தருவார்கள்?

'செல்போன் போதாதா?' என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. ஓர் உதாரணம் பார்ப்போம்.

நிகாஹ் மஜ்லிஸில் மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் அமர்ந்திருக்கிறார். பெண்கள் பகுதியில் பலர் கறுப்பு புர்கா அணிந்திருக்கிறார்கள். கேமராவின் ஒளிமானி, எதிரே இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே கணக்குப் போடும். அதன் போக்கில் விட்டால் வெள்ளைச் சட்டை அழுக்குச் சாம்பலாகவும், கறுப்பு புர்கா வெளுத்த சாம்பலாகவும் பதிவாகும். படித்தவர் வெள்ளை நிறைந்த காட்சிக்கு ஒளியைக் கூட்டியும், கறுப்பு நிறைந்த காட்சிக்குக் குறைத்தும் எடுப்பார்.

இதுபோல முறையாகக் கற்பிக்கப்படுபவை:

- ஒளியளவு: அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. ஆகிய மூன்றின் கணக்கு. எஃப் 2.8-லிருந்து எஃப் 4-க்கு மாற்றினால் ஒளி பாதியாகும். அதை ஈடுகட்ட ஷட்டரை இருமடங்கு நேரம் திறக்கலாம், அல்லது ஐ.எஸ்.ஓ.வை இருமடங்காக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு: ஷட்டர் மெதுவானால் அசைவு மங்கும், ஐ.எஸ்.ஓ. கூடினால் படத்தில் புள்ளி தட்டும்.
- ஒளியின் இயல்பு: விளக்குக்கும் பொருளுக்கும் உள்ள தூரம் இருமடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். குழுப் படத்தில் முன்வரிசை வெளுத்துப் பின்வரிசை இருண்டுபோவது இதனால்தான்.
- நிற வெப்பம்: பகல் ஒளி சுமார் 5,500 கெல்வின், பழைய மஞ்சள் பல்பு சுமார் 2,800 கெல்வின். மண்டபத்தில் இரண்டும் கலந்திருந்தால் முகத்தின் நிறம் மாறிவிடும்.
- மின்விளக்கின் துடிப்பு: நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட் வெளிச்சத்தில் ஷட்டரை மிக வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழலாம்.
- லென்ஸ் தேர்வு, ஸ்டுடியோ விளக்கமைப்பு, ஃப்ளாஷ் பயன்பாடு.
- 'ரா' கோப்பைக் கையாளுதல், நிறத் திருத்தம், ஃபோட்டோஷாப், அச்சுக்கான தயாரிப்பு, ஆல்பம் வடிவமைப்பு.
- பாதுகாப்பு: எடுத்த படத்துக்கு மூன்று பிரதிகள், இரு வேறு சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். ஒருவரின் கல்யாணம் மறுபடி நடக்காது; மெமரி கார்டு கெட்டுப்போனால் மன்னிப்புக் கேட்டு ஈடுகட்ட முடியாது.

இவற்றில் பலவற்றை யூடியூபிலும் கற்கலாம் என்பது உண்மையே. ஆனால் சொந்தமாக வாங்க முடியாத கருவிகளில் கை பழகுவதும், எடுத்த படத்தைத் தவறு தவறாகச் சுட்டிக்காட்ட ஓர் ஆசிரியர் இருப்பதும், கையில் ஓர் அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் கிடைப்பதும் கல்லூரியில்தான்.

வேலை வாய்ப்புகள்

கல்யாணப் படம் எடுப்பது ஒரு பகுதி மட்டுமே. இணைய வணிகம் பெருகியபின் துணி, நகை, தோல் பொருள், உணவு என ஒவ்வொன்றுக்கும் விற்பனைப் படம் தேவைப்படுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை போன்ற தோல் தொழில் ஊர்களில் நம்மவர்கள் பலர் ஏற்றுமதி செய்கிறார்கள். அவர்களுக்கு வேண்டிய பொருட்படங்களை நம் பிள்ளைகளே எடுத்துத் தரலாம்.

அரசுத் துறைகளில் காவல்துறை, தடய அறிவியல், தொல்லியல் துறை, அருங்காட்சியகம், செய்தி மக்கள் தொடர்புத் துறை, மருத்துவக் கல்லூரிகள் ஆகியவற்றில் புகைப்படக்காரர் பணியிடங்கள் உண்டு. அறிவிப்புகள் எப்போதாவதுதான் வரும். வரும்போது விண்ணப்பிக்க முறையான சான்றிதழ் கேட்பார்கள். பத்து வருடம் ஸ்டுடியோவில் வேலை பார்த்த அனுபவசாலிகள் பலர் விண்ணப்பிக்க முடியாமல் நிற்பது இந்த இடத்தில்தான்.

டிரோன் மூலம் படம் எடுப்பது இன்னொரு பிரிவு. 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனைத் தொழிலுக்காக இயக்க ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் அதற்கு அடிப்படைத் தகுதி. சான்றிதழ் இல்லாமல் பறக்கவிட்டால் சட்டச் சிக்கல் வரும்.

பத்திரிகைத் துறை: நம் பங்கு எங்கே?

'ஊடகம் நம்மைத் தவறாகக் காட்டுகிறது' என்று மேடைதோறும் பேசுகிறோம். அந்த ஊடகத்துக்குள் கேமரா பிடிக்க எத்தனை பிள்ளைகளை அனுப்பினோம் என்று யோசிக்க வேண்டும்.

டேனிஷ் சித்தீகி ஜாமியா மில்லியாவில் பொருளாதாரம் படித்து, அதே பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்பு மையத்தில் 2007-இல் முதுநிலைப் படிப்பை முடித்தவர். ராய்ட்டர்ஸ் நிறுவனத்தில் 2010-இல் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ரோஹிங்கியா அகதிகளின் துயரத்தைப் பதிவு செய்ததற்காக 2018-இல் ராய்ட்டர்ஸ் குழுவுக்குப் புலிட்சர் விருது கிடைத்தபோது, அக்குழுவில் அவரும் அத்னான் ஆபிதியும் இருந்தார்கள். 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானில் பணியில் இருக்கும்போதே அவர் கொல்லப்பட்டார். கொரோனா காலத்து இந்தியாவைப் பதிவு செய்ததற்காக 2022-இல் மீண்டும் ஒரு புலிட்சர் விருது, அவர் மறைவுக்குப் பின், சக கலைஞர்களோடு சேர்த்து அவருக்கு வழங்கப்பட்டது. காஷ்மீர் நிலையைப் படம் எடுத்த தார் யாசீன், முக்தார் கான், சன்னி ஆனந்த் ஆகியோர் 2020-இல் அதே விருதைப் பெற்றனர்.

பாதிக்கப்பட்டவரின் குரலை உலகுக்குக் கொண்டு செல்வதில் நூறு கட்டுரைகளுக்குச் சமம் ஒரு நேர்மையான படம். அதே கேமரா பொய்க்கும் துணை போகும். எனவே அதைப் பிடிப்பவர் யார் என்பது நமக்கு முக்கியம்.

பெண்களுக்கு ஏன் இந்தப் படிப்பு?

நம் திருமணங்களில் பெண்கள் பகுதி தனியாக இருக்கிறது. ஆனால் அங்கே படம் எடுக்க அந்நிய ஆண்களை அனுமதிக்கிறோம். 'வேறு ஆள் கிடைக்கவில்லை' என்பதே பதில். சரி, பெண் கலைஞர் ஒருவரைக் கண்டுபிடித்தாலும் பிரச்சினை முடிந்துவிடுவதில்லை. அவர் எடுத்த படங்கள் எடிட்டிங்குக்கு ஒரு ஆணிடம், ஆல்பத்துக்கு ஒரு லேபுக்கு என்று போகின்றன. எடுப்பது முதல் ஆல்பம் வரை பெண்களே செய்து முடிக்கும் ஓர் அமைப்பு ஒவ்வொரு ஊரிலும் தேவை.

இது வெறும் ஆசையல்ல. நிச்சயமான வருமானம் உள்ள சந்தை. இரண்டு மூன்று சகோதரிகள் சேர்ந்து ஒருவர் படம், ஒருவர் எடிட்டிங், ஒருவர் ஆல்பம் வடிவமைப்பு என்று பிரித்துக்கொண்டால் வீட்டிலிருந்தே பெரும்பகுதி வேலையைச் செய்ய முடியும். ஐ.டி.ஐ. ஓராண்டுப் படிப்பு இதற்கு நல்ல தொடக்கம். தொழில் தொடங்கக் கடனுக்கும் கல்விக் கடனுக்கும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தை (டாம்கோ) அணுகலாம். வட்டி இல்லாமல் உதவ ஊர் ஜமாஅத்தும் பைத்துல்மாலும் முன்வந்தால் இன்னும் சிறப்பு. ஒரு கேமராவும் ஒரு கணினியும் வாங்கித் தருவது, ஒரு குடும்பத்தைத் தன் காலில் நிற்க வைக்கும் உதவியாக அமையும்.

அமானிதமும் சட்டமும்

ஒரு வீட்டின் படங்கள் புகைப்படக்காரரிடம் இருக்கும் அமானிதம். மணப்பெண்ணின் படத்தை அனுமதி இல்லாமல் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் விளம்பரமாகப் போடுவது இன்று சாதாரணமாகிவிட்டது. பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதைக் குர்ஆன் (49:12) தடுக்கிறது. நாட்டின் சட்டமும் சிலவற்றைத் தெளிவாகச் சொல்கிறது:

- 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. வேறு ஒப்பந்தம் இருந்தால்தான் அது மாறும். எனவே படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்த எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டும்.
- பெண்ணின் அந்தரங்கத்தை அவருக்குத் தெரியாமல் படம் பிடிப்பதும் பரப்புவதும் பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆவது பிரிவின் கீழ் சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.
- தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவும் அந்தரங்க மீறலைத் தண்டிக்கிறது.

திருமண வீட்டாரும் முன்பணம் கொடுக்கும்போதே இதைப் பேசி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்: படங்கள் எத்தனை நாளில் அழிக்கப்படும், யார் எடிட் செய்வார்கள், எங்கேயும் பதிவேற்றக் கூடாது என்பன போன்றவை. நேர்மையான கலைஞர் இதற்குத் தயங்க மாட்டார்.

சேருமுன் கேட்க வேண்டியவை

தனியார் பயிற்சி மையங்கள் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்:

1. சான்றிதழ் தருவது யார்? தேசிய தொழிற்பயிற்சி அமைப்பா, தொழில்நுட்பக் கல்வி இயக்ககமா, பல்கலைக்கழகமா, அல்லது அந்த மையமே அச்சடித்துத் தருவதா? 'அரசு பதிவு பெற்றது' என்ற பலகை கடையாகப் பதிவு செய்யப்பட்டதை மட்டும்கூடக் குறிக்கலாம்.
2. ஒரு கேமராவுக்கு எத்தனை மாணவர்கள்? ஸ்டுடியோவில் ஒவ்வொருவருக்கும் வாரம் எத்தனை மணி நேரம்?
3. ஆசிரியர்கள் யார்? அவர்கள் எடுத்த படங்களைக் காட்டுவார்களா?
4. முந்தைய ஆண்டு மாணவர்கள் இருவரிடம் பேச முடியுமா? '100 சதவீத வேலை உத்தரவாதம்' என்ற சொல்லை அவர்களிடம் சோதித்துப் பாருங்கள்.
5. மொத்தக் கட்டணம் எவ்வளவு? கேமரா, பயணம், அச்சுச் செலவு அதில் அடங்குமா? இடையில் நின்றால் பணம் திரும்புமா? எல்லாவற்றுக்கும் ரசீது உண்டா?

மாணவருக்கும் ஒரு சோதனை உண்டு. சேருவதற்கு முன் மூன்று மாதம், கையில் இருக்கும் செல்போனிலேயே தினம் ஒரு படம் எடுக்கட்டும். அதில் சிறந்த இருபதைத் தேர்ந்தெடுத்து ஒரு தொகுப்பாக்கட்டும். ஜன்னல் வெளிச்சம், தெரு, மஸ்ஜிதின் தூண்கள், உம்மாவின் சமையலறைப் பாத்திரங்கள் என எதுவானாலும் சரி. மூன்று மாதம் சலிக்காமல் செய்தால் ஆர்வம் உண்மையானது என்று பெற்றோர் நம்பலாம். அந்தத் தொகுப்பே நேர்முகத் தேர்வுக்கும் கைகொடுக்கும்.

தொடக்கத்திலேயே கடன் வாங்கி விலையுயர்ந்த கேமரா வாங்க வேண்டியதில்லை. நல்ல நிலையில் உள்ள பழைய கேமராவும், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் போதும்.

சமுதாயத்துக்கு ஒரு வேண்டுகோள்

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நூற்றாண்டுகள் பழைமையான கல் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. வீடுகளின் பரணில் அரபுத் தமிழ்க் கையெழுத்துப் பிரதிகள் கரையானுக்கு இரையாகின்றன. ஒரு பிரதியை முறையாகப் படம் எடுக்க, கேமராவை நேர் செங்குத்தாக நிறுத்தி, இரு பக்கமும் 45 பாகை கோணத்தில் சம ஒளி அமைக்கத் தெரிந்த ஒருவர் போதும். அப்படிப் பயின்ற ஓர் இளைஞர் ஒவ்வொரு ஊரிலும் இருந்தால், நம் முன்னோரின் சொத்து அடுத்த தலைமுறைக்குச் சென்று சேரும்.

கல்வி வழிகாட்டி முகாம் நடத்தும் ஜமாஅத்துகள் பொறியியல், மருத்துவத்தோடு இத்தகைய தொழிற்படிப்புகளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு எதில் திறமை இருக்கிறதோ அதில் முறையான கல்வியையும், அதோடு ஹலால் ஹராம் பேணும் உணர்வையும் சேர்த்துக் கொடுப்பது பெற்றோர் பொறுப்பு. அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் தூய்மையான ரிஸ்கையும் வழங்குவானாக! ஆமீன்.